பாட்டி காலத்து அழகில் ஒரு சமையலறை

கூடத்தைப் பார்வைக்காக அலங்கரிக்கலாம். சமையலறையை அப்படி அலங்கரிக்க முடியாது. அங்கே மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது. தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கிறது, புளிக்கரைசல் சிந்துகிறது, ஈரக்கால் படுகிறது. அதனால் இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே அளவுகோல்தான்: சமையலறைக்குள் வருகிற பழைய பொருள் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். துலக்கிய பித்தளைக் குடங்களை எட்டாத உயரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, கீழே பிளாஸ்டிக் டப்பாவில் துவரம்பருப்பு வைத்திருக்கும் சமையலறைகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். முதல் மாதம் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். பிறகு எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து படிந்து குடங்கள் கறுத்துவிடும். எடுத்துப் புழங்காத பாத்திரத்தை யாரும் வாரா வாரம் துலக்குவதில்லை. அதே பித்தளை, அரிசி அளந்து போடும் படியாகவோ காய்கறி வைக்கும் தாம்பாளமாகவோ கீழே இருந்தால் தினமும் கை படும். பளபளப்பு தானாக நிற்கும்.

எந்தக் காலத்துச் சமையலறை?

பழைய பாணி என்றதும் எல்லோருக்கும் செட்டிநாட்டு வீடுதான் நினைவுக்கு வருகிறது. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடித் தரை, வெண்கல உருளி என்று மனம் உடனே பட்டியல் போடத் தொடங்கிவிடும். உங்கள் வீடு காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்தால், அல்லது உயரமான கூரையும் முற்றமும் உள்ள வீடாக இருந்தால், அது மிகப் பொருத்தம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இருப்பது அடுக்ககங்களில், அல்லது 1960-க்கும் 1985-க்கும் இடையில் கட்டிய தனி வீடுகளில். அந்த வீடுகளுக்கென்று ஓர் அழகு உண்டு. மொசைக் தரை, கடப்பா கல் மேடை, சுவரோடு கட்டிய கடப்பா கல் தட்டுகள், வலைக்கதவு போட்ட அலமாரி, கறுப்பு பேக்கலைட் சுவிட்சு, வாசலில் கொக்கி மாட்டிய டிபன் கேரியர். இது யாரும் அதிகம் பேசாத பழமை. என்னைக் கேட்டால் செட்டிநாட்டு அழகுக்கு இது சற்றும் குறைந்ததல்ல. செலவும் பல மடங்கு குறைவு. எட்டரை அடி உயர கான்கிரீட் கூரைக்குக் கீழே தேக்குத் தூண் நிறுத்தினால் இரண்டும் ஒட்டாது. வீடு எந்தக் காலத்ததோ அந்தக் காலத்தையே சமையலறையிலும் தொடருங்கள்.

செட்டிநாட்டுப் பாணிதான் வேண்டும் என்பவர்கள் ஒரு பொருளும் வாங்குவதற்கு முன் முட்டுக்காட்டுக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடும் அவற்றில் ஒன்று. புகைப்படத்தில் தெரியாதது நேரில் தெரியும்: கதவின் கனம், நிலையின் உயரம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. கையில் ஓர் அளவு நாடா கொண்டுபோங்கள்.

தரை

மொசைக் தரை உள்ள வீடு என்றால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கிப்போயிருக்கிறது, மஞ்சள் படிந்திருக்கிறது என்பதற்காக அதன் மேல் புது டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். மொசைக் என்பது சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்துத் தேய்த்தது. மங்குவது மேல்தோல் மட்டும். பாலிஷ் போடுபவர் இயந்திரத்தில் கல் மாட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே முதலில் சொரசொரப்பான கல்லாலும் பிறகு படிப்படியாக மென்மையான கல்லாலும் தேய்த்து, கடைசியில் ஆக்ஸாலிக் அமிலப் பொடியால் மினுக்குவார். நாற்பது வருஷத் தரை புதிதாக எழுந்து வரும். வேலை நடக்கும்போது சாம்பல் நிறச் சேறு எங்கும் தெறிக்கும் என்பதால் அலமாரிகளை மூடிக் கட்டிவிட்டு, இரண்டு மூன்று நாள் சமையலை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தரை போட வேண்டியவர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதை வாங்குகிற பலருக்கு அதன் குணம் தெரிவதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் இன்றும் இதைக் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் பூ வேலைக்கான அச்சை இறக்கி, அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று லேசாகத் தொட்டு நிற்கும். மேலே காய்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி, பிறகு ஈரச் சாந்து நிரப்பிச் சமன் செய்வார்கள். உலர்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிடுவார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் வழவழப்பான முகம்.

சுடாத சிமெண்ட் என்பதால் அதற்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறோ, புளியோ, கழிப்பறை அமிலமோ விழுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். நிற அடுக்கு மெல்லியது. அதனால் இயந்திரத்தில் தேய்த்துச் சரிசெய்யவும் வழியில்லை. ஆகவே சமையலறை முழுவதும் இந்தக் கல்லைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உணவு மேசைப் பக்கம், நடைபாதை, மேடைக்கு எதிர்ச் சுவரின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் போடுங்கள். அடுப்புக்கும் தொட்டிக்கும் முன்னால் உள்ள இரண்டடி அகலத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் போட்டுக்கொண்டால் கவலை இல்லை. பராமரிப்பு எளிது: வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பது. நடக்க நடக்க மெருகு கூடும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தக் கல் சாதாரண டைல்ஸை விடக் கனமானது, தடிமனானது. இருக்கும் தரையைப் பெயர்க்காமல் மேலே பதித்தால் கதவுகளின் அடிப்பாகத்தை அறுக்க வேண்டிவரும்.

சிவப்புத் தரை, அதாவது ரெட் ஆக்ஸைடு, விலையில் மலிவு, செய்நேர்த்தியில் கடினம். நிறப்பொடி சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் வலு குறையும். ஒரே வீச்சாகப் பூசி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறம் மாறி கோடு தெரியும். குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். முன்பு இந்த வேலை செய்த கொத்தனார் கிடைத்து, அவர் போட்ட தரை ஒன்றை நேரில் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.

மேடையும் சுவரும்

பழைய கடப்பா கல் மேடை இருந்தால் உடைக்க வேண்டாம். அது ஒருவகைச் சுண்ணாம்புக்கல் என்பதால் புளிப்பு பட்ட இடத்தில் வெள்ளைத் தடம் விழும். தடம் விழுந்த மேடையை மொசைக் பாலிஷ்காரரே தேய்த்துக் கொடுத்துவிடுவார். பிறகு சிந்தியதை உடனே துடைப்பதும், மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுவதும் போதும். புதிதாகப் போடுபவர்கள் பளபளக்காத, லெதர் பினிஷ் செய்த கறுப்பு கிரானைட் வாங்கலாம். பார்வைக்குக் கடப்பா கல்லுக்கு மிக அருகில் நிற்கும். புளி, எலுமிச்சை எதற்கும் அசையாது.

அடுப்புக்குப் பின்சுவரில் ஆறங்குலச் சதுர வெள்ளைப் பீங்கான் ஓடு. இதைவிடப் பொருத்தமான வேறொன்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள்பொடி தெறித்தால் ஒரே துடைப்பில் போகும். மற்ற சுவர்களுக்கு வெண்மை, இளம்பச்சை, வெளிர்நீலம். பழைய வீடுகளில் அந்த நீலச்சாயல் வந்ததற்குக் காரணம் சுண்ணாம்பில் கலந்த நீலப்பொடி. இன்றும் சுண்ணாம்பு அடிக்கலாம். சுவர் மூச்சுவிடும், பூஞ்சை எளிதில் ஒட்டாது. ஆனால் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய பூச்சைச் சுரண்டி எடுக்க மனமில்லாவிட்டால், மினுமினுப்பில்லாத பெயின்டில் அதே நிறத்தைக் கலக்கச் சொல்லுங்கள்.

மேடைக்குக் கீழே மாடுலர் கதவுகள் போடுவதற்குப் பதிலாகப் பருத்தித் திரை தொங்கவிடுவது ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம். கிழிந்துபோன கண்டாங்கிச் சேலையின் நல்ல பகுதியை வெட்டித் தைத்தால், அந்தக் கட்டமும் கரையும் அறைக்கே ஒரு முகம் கொடுக்கும். மிக்ஸி, தண்ணீர் வடிகட்டி, ஓவன் முதலிய இந்தக் காலத்துச் சாமான்களை மறைக்கவும் இதுவே வழி. அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நேர் கீழே மட்டும் துணி கூடாது. அங்கே மரச்சட்டத்தில் வலை போட்ட கதவு வையுங்கள், காற்றோட்டம் இருக்கும்.

வலை அலமாரி

ஒரே ஒரு பழைய மரச்சாமான் வாங்க முடியும் என்றால் வலை அலமாரியை வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில் பாலும் தயிரும் மிச்சக் குழம்பும் இருந்த இடம் அதுதான். தேக்குச் சட்டம், இரண்டு கதவு, கதவு முழுக்க மெல்லிய வலை, உள்ளே மூன்று தட்டு. நான்கு கால்களுக்கும் கீழே குழிவான கிண்ணங்கள் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், எறும்பு ஏறாமல் இருக்க. கல்லில் குடைந்த அந்தக் கிண்ணங்கள் சேர்ந்தே கிடைத்தால் விடாதீர்கள். இன்றைக்கு அந்த அலமாரி வெங்காயம், உருளை, பூண்டு, பழங்கள், அப்பளக் கட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றுக்கும் ஏற்ற இடம். காற்று ஓடும், கண்ணுக்கும் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை உண்டு. முதலில் கடைக்காரரிடம் சொல்லி அலமாரியைச் சாய்த்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் துளைகளும், தரையில் மாவு போல உதிர்ந்த தூளும் இருந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. பழைய துளை கறுத்திருக்கும். புதுத் துளைக்குள் வெளிர்நிறம் தெரியும். பழையது பரவாயில்லை, புதியது வேண்டாம். அடுத்து, கதவைத் திறந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். எலி வாடையும் பாசி வாடையும் வெயிலில் போட்டாலும் லேசில் போகாது. கால் இரண்டங்குலம் இற்றுப்போயிருந்தால் தச்சர் ஒட்டுப்போட்டுக் கொடுப்பார். வலை எப்படியும் துருப்பிடித்திருக்கும். அதை எடுத்துவிட்டு எவர்சில்வர் வலை அடித்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடித்த மரச்சாமான் என்றால் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல் பூச்சுகளில் காரீயம் நிறைய இருந்திருக்கலாம். அதை உப்புக்காகிதத்தால் வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பறந்து மூச்சிலும் சாப்பாட்டிலும் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது பெருங்கேடு. வீட்டுக்கு வெளியே, ஈரமாக்கி, முகக்கவசத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். உணவு வைக்கும் உட்பக்கத்தில் பெயின்ட் உரிந்துகொண்டிருந்தால் அந்தச் சாமானைச் சமையலறைக்கு வாங்காமலிருப்பதே சரி.

பாத்திரங்கள்

இனி இந்த அத்தியாயத்தின் உயிரான பகுதி. கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டுப் பரணை, அம்மா வீட்டுப் பரணை, ஊரிலிருக்கும் சித்தப்பா வீட்டுப் பரணை இறக்கிப் பாருங்கள். எவர்சில்வர் வந்தபோது மேலே ஏறிய பித்தளை அண்டா, குத்துப்போணி, தூக்குவாளி, முறுக்கு நாழி, வெண்கலப் பானை எல்லாம் சாக்குப்பையில் அப்படியே இருக்கும். விளிம்புக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் தட்டுப்படும்: தலைப்பெழுத்து, பெயர், சில சமயம் கல்யாணத் தேதி, சீர் கொடுத்தவர் பெயர். கடைத்தெருவில் பாத்திரம் வாங்கியதும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெயர் வெட்டுபவர் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி எழுதிக் கொடுத்தது அது. அந்தப் பாத்திரத்தை இயந்திரச் சக்கரத்தில் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். எழுத்து தேய்ந்து மறையும். புளியும் உப்பும் போட்டு, அல்லது செங்கல் பொடியும் எலுமிச்சைத் தோலும் கொண்டு கையால் துலக்குங்கள். யாருடைய பெயர், எந்த வருஷம் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

சமைப்பதற்கு எடுக்கும் முன் உலோகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பித்தளையில் ஈயம் பூசாமல் புளிக்குழம்போ தயிரோ வைத்தால் களிம்பு ஏறிவிடும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும். வெண்கலப் பானையில் பொங்கல் வைப்பது நம் பழக்கம், அது நன்றாகவே வரும். ஆனால் வெண்கலம் நொறுங்கும் தன்மை உள்ளது. கைதவறிக் கல்தரையில் விழுந்தால் விரிசல் விடும். விரல் கணுவால் சுண்டிப் பாருங்கள். மணி போல நீண்டு ஒலித்தால் நல்ல பானை. சத்தென்று நின்றால் எங்கோ கீறல் இருக்கிறது.

ஈயம் பூசும் வேலையை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். பாத்திரத்தைக் கரித்தணலில் காயவைத்து, உள்ளே நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை குப்பென்று எழும். கறை எல்லாம் விட்டுப்போகும். சூடு பதமாக இருக்கும்போது ஈயக் குச்சியை உட்புறத்தில் தொட்டதும் அது உருகி ஓடும். பஞ்சாலோ துணியாலோ ஒரே சுழற்றில் வழித்தால் மஞ்சள் உட்புறம் முழுதும் வெள்ளி நிறமாக மாறும். உடனே தண்ணீரில் முக்கி எடுத்துவிடுவார். சில நிமிட வேலை, ஆனால் சூட்டின் பதம் தப்பினால் ஈயம் பிடிக்காது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி, அவர் பயன்படுத்துவது வெள்ளீயம்தானா என்பது. காரீயம் கலந்தால் அது நஞ்சு. காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கருஞ்சாம்பல் கோடு விழும். தூய வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்லிய சத்தம் கேட்கும்; காரீயம் சத்தமில்லாமல் வளையும். இவை கைச்சோதனைகள்தான், கலப்படம் கொஞ்சமாக இருந்தால் பிடிபடாது. முடிந்தால் தூய வெள்ளீயத்தை நீங்களே நம்பிக்கையான கடையில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ரசத்துக்கு வாங்கும் ஈயச் சொம்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய சந்தையில் கிடைக்கும் ஈயச் சொம்பில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் சோதிக்காமல் அதில் ரசம் வைக்க வேண்டாம்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் ஈயச் சொம்பானாலும் ஈயம் பூசிய பாத்திரமானாலும் முதலில் தண்ணீர், பிறகு அடுப்பு. வெறும் பாத்திரமாக ஏற்றக்கூடாது, எண்ணெய் காயவைத்துப் பொரிக்கக்கூடாது. தாளிப்பைத் தனியாக இரும்புக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். மரக்கரண்டியால் கிளறி, தேங்காய் நாரால் தேய்த்தால் பூச்சு நெடுநாள் நிற்கும். உள்ளே மஞ்சள் எட்டிப்பார்க்கத் தொடங்கினால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

கல்சட்டி வாங்குபவர்கள் அவசரப்படக் கூடாது. மாக்கல்லில் குடைந்து எடுத்த சட்டி புதிதாக வரும்போது சாம்பல் வெள்ளையாக இருக்கும். நாள்தோறும் சூடான சோற்றுக் கஞ்சி ஊற்றி ஆறவிட்டு, சில நாள் கழித்து மஞ்சள் கலந்த எண்ணெய் தடவி ஊறவைத்து, பிறகு மிகச் சிறிய தீயில் காட்டிப் பழக்க வேண்டும். பழகிய சட்டி கன்னங்கரேலென்று மாறும். சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். அடுப்பை அணைத்த பிறகும் வற்றக்குழம்பு அதில் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால் குழம்பு முழுப் பதத்துக்கு வரும் முன்பே அணைத்துவிடுங்கள். அலமாரியில் வைத்தாலும் அழகு, பரிமாறும் நேரத்தில் மேசைமேல் வைத்தாலும் அழகு.

செட்டிநாட்டுக்காரர்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று வணிகம் போனபோது கொண்டுவந்த வெளிநாட்டு எனாமல் பாத்திரங்கள் இன்று எல்லோரும் தேடும் பொருள். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகள் அடியில் இருக்கும். இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு. நீலமும் வெள்ளையும் கண்ணைப் பறிக்கும். பூச்சு பெயர்ந்த பாத்திரத்தில் சாப்பாடு வைக்காதீர்கள். பழைய சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு பூச்சுகளில் காரீயமும் காட்மியமும் இருக்க வாய்ப்புண்டு. அவற்றை முழு வாழைப்பழம், தேங்காய் வைக்கும் தட்டாக வைத்துக்கொள்ளலாம்.

அஞ்சறைப்பெட்டி மரத்தில் இருந்தால் அறைகளுக்குள் சிறு எவர்சில்வர் கிண்ணங்கள் வையுங்கள், மசாலா வாடை மரத்தில் ஏறாது. உறி தொங்கவிட்டு அதில் வெங்காயக் கூடை வைக்கலாம். அம்மி வீட்டிலிருந்தால் பால்கனியில் கனம் தாங்கும் திட்டு கட்டி ஏற்றுங்கள். ஆள் கிடைத்தால் கொத்தி வாங்குங்கள். அம்மியில் அரைத்த துவையலின் ருசிக்கு ஈடு கிடையாது.

வெளிச்சம்

குழல்விளக்கின் நீலவெள்ளையில் பித்தளை செத்துப்போகும். 2700 கெல்வின் என்று எழுதியிருக்கும் எல்.இ.டி பல்புகளை வாங்கினால் பழைய மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். காய் நறுக்கும் இடத்துக்கு மட்டும் இன்னும் வெள்ளையான ஒரு விளக்கு தனியாக இருக்கட்டும். வட்டமான பீங்கான் சுவிட்சுகளைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள், ஐ.எஸ்.ஐ முத்திரை பார்த்து அவற்றை வாங்குங்கள். பழைய சுவிட்சையும் துணி சுற்றிய வயரையும் இணைப்பு கொடுத்துப் பயன்படுத்தவே கூடாது.

எங்கே வாங்குவது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகக் கடைகள் உண்டு. கேரளத்துப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டாஞ்சேரி யூதத் தெரு. இரண்டு இடத்திலும் புதிதாக வார்த்து, அமிலத்தில் முக்கிப் பழசாக்கிய பொருளும் கலந்திருக்கும். பல கைகள் பிடித்த கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும், அடிப்பாகம் தரையில் உரசி மெலிந்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் ஊர்ப் பாத்திரக் கடையிலும் சொல்லி வையுங்கள். பழசைப் போட்டுப் புதுசு வாங்கிப் போகிறவர்களின் அண்டாவும் தவலையும் உருக்குப் பட்டறைக்குப் போகும் முன் அங்கே சில நாள் கிடக்கும். எடை விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் கிடைத்துவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் இந்தியாவுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் பொருள் அவ்வளவு பழையது அல்ல என்றாலும், பார்வைக்குப் பழையதாகத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஈயம் பூசுபவர், அம்மி கொத்துபவர், பெயர் வெட்டுபவர், மொசைக் பாலிஷ் போடுபவர் இல்லாமல் இந்த அத்தியாயத்தில் சொன்ன எதுவும் நடக்காது. அவர்களுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் தெருவுக்கு ஈயம் பூசுபவர் வந்தால் ஒரு பாத்திரத்தோடு நிறுத்தாமல் இருப்பதையெல்லாம் இறக்குங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள், அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி வையுங்கள்.